ஸ்பௌஸ் விசாவில் ஜெர்மனி: வேலைக்கு முன்னால் வரும் வேலைகள்

ஜெர்மனியில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழக் குடும்ப விசாவில் போகிறவருக்கு, வேலை செய்யும் உரிமை அந்த விசாவிலேயே இருக்கிறது. அமெரிக்காவுக்கு ஹெச்-4 விசாவில் போனால் தனியாக அனுமதி அட்டை வாங்க வேண்டும். அதுவும் எல்லாருக்கும் கிடைக்காது. சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸில் இருப்பவர், 2021 மே மாதத்திலிருந்து, பெரும்பாலும் தனக்கென்று ஒரு வொர்க் பாஸ் வாங்கினால்தான் வேலைக்குப் போக முடியும். ஜெர்மனியில் அந்தத் தொல்லை இல்லை. முழுநேரம், பகுதிநேரம், சொந்தத் தொழில் எதற்கும் தடையில்லை.

அப்படியிருந்தும் வந்து ஒன்றரை, இரண்டு வருடம் ஆகியும் முதல் வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் ஏராளம். திறமை குறைவு அதற்குக் காரணம் அல்ல. இங்கே எந்தக் காகிதமும் கேட்ட அன்றே கைக்கு வராது; ஒன்று வந்தால்தான் அடுத்ததைக் கேட்க முடியும். எதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டுமோ அதை முதலில் தொடங்கிவிட வேண்டும். கீழே இருப்பவை அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

முதலில் மொழி. மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறுவரிசையில் அளப்பார்கள்; ஏ1 தொடக்க நிலை. துணைவர் ப்ளூ கார்டில், அதாவது பட்டதாரித் திறனாளர்களுக்கான வதிவிட அனுமதியில், இருந்தால் விசாவுக்கு ஏ1 ஜெர்மன் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வேறு சில அனுமதிகளில் இருப்பவர்களின் துணைவருக்கு அது கட்டாயம். விலக்கு இருக்கிறதே என்று ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் விமானம் ஏறுவது நஷ்டக் கணக்கு. ஜெர்மனியில் புதிதாக வந்தவர்களுக்கு அரசு ஏற்பாட்டில் நடக்கும் ஒருங்கிணைப்புப் படிப்பில் ஏ1 நிலைக்கு மட்டும் 200 பாட வேளைகள். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறு நல்ல இடத்திலோ ஏ1 முடித்துவிட்டால், அங்கே நுழைவுத் தேர்வு எழுதி நேரே ஏ2 வகுப்பில் உட்காரலாம். வாரம் 20 முதல் 25 பாட வேளை நடக்கும் வகுப்பில் இது எட்டுப் பத்து வாரம் மிச்சம்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். நம் ஊர்க் கம்பெனிகள் கொடுக்கும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர், ‘வாழ்த்துகள்’ அவ்வளவுதான் இருக்கும். ஜெர்மனியில் வேலையை விட்டு விலகும் ஒவ்வொருவருக்கும் ‘ஆர்பைட்ஸ்சாய்க்னிஸ்’ என்று ஒரு கடிதம் உண்டு. என்னென்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார், சக ஊழியர்களோடு எப்படிப் பழகினார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கும். அதைப் படித்துப் பழகிய ஹெச்ஆர் கண்ணுக்கு நம்முடைய மூன்று வரிக் கடிதம் எதையோ மறைப்பதுபோலத் தெரியும். விலகுவதற்கு முன் மேலாளரிடம் சொல்லி, கம்பெனி லெட்டர்ஹெட்டில், செய்த வேலைகளை ஐந்தாறு வரியில் பட்டியலிட்டு, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாக முடியும். விலகி இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அந்த மேலாளரே அங்கே இருக்க மாட்டார்.

பட்டச் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மார்க் ஷீட், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் மூன்றும் அசலாகக் கையில் வர வேண்டும். ‘கான்வொகேஷன் சர்டிபிகேட் இன்னும் வாங்கவில்லை, ப்ரொவிஷனல் இருக்கிறது’ என்பவர்கள் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். நர்ஸிங் படித்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும்: எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கல்லூரி கொடுக்கும் விவரப் பட்டியல். ஜெர்மன் அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மணிக்கணக்கைத்தான். நர்ஸிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும்.

தட்டம்மைத் தடுப்பூசி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2020 மார்ச் முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, 1970க்குப் பிறகு பிறந்த ஒருவர் மழலையர் காப்பகம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலைக்குச் சேர வேண்டுமானால் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கோ, உடலில் எதிர்ப்புச் சக்தி இருப்பதற்கோ ஆதாரம் காட்ட வேண்டும். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை அம்மா வீட்டு அலமாரியில் இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். கிடைக்கவில்லை என்றால் அங்கே ரத்தப் பரிசோதனை செய்து ஆதாரம் வாங்கலாம், அல்லது மறுபடி ஊசி போட்டுக்கொள்ளலாம்.

பெயர்ச் சிக்கல் நமக்கென்றே வாய்த்தது. ஒருவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். இன்னொருவருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், திருமணச் சான்றிதழில் பின்னால். ஜெர்மன் கணினிக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பட்டச் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஊரிலேயே நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் அலைய வேண்டாம்.

போய் இறங்கிய முதல் மாதம்

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அதாவது ஆன்மெல்டுங், செய்தாக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும், வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தரும் குடியிருப்பு உறுதிச் சான்று. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. அந்தத் தனிப் படிவம் வேண்டும். பெரிய நகரங்களில் இதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. வருகிற தேதி தெரிந்ததுமே துணைவர் ஆன்லைனில் பதிவு செய்துவிடட்டும்.

பதிவு முடிந்த அன்றே செய்ய வேண்டியது தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. சிரிக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வரி எண் தபாலில்தான் வரும். காப்பீட்டு அட்டை, வங்கிப் பின் நம்பர், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாமே தபால். நம் குடும்பங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாக இருப்பது சகஜம். பெட்டியில் ஒரு பெயர் மட்டும் இருந்தால், தபால்காரர் இன்னொருவர் பெயருக்கு வந்த கடிதத்தை ‘இந்த முகவரியில் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுவார். அழைப்பு மணிப் பலகையிலும் பெயர் இருக்கட்டும்.

வரி எண் 11 இலக்கம். வாழ்நாள் முழுக்க மாறாது. சம்பளம் போடும் கம்பெனி இதைக் கேட்கும். இன்னொன்று ஓய்வூதியக் காப்பீட்டு எண், 12 எழுத்தும் எண்ணும் கலந்தது. முதல் வேலையில் சேரும்போது அது இல்லையென்றால் கம்பெனி மூலமாகவே உருவாகிவிடும். அதற்காக அலைய வேண்டாம்.

வங்கிக் கணக்கை உங்கள் பெயரில் தனியாகத் திறப்பது நல்லது. சம்பளம் உங்கள் கணக்கில் வரட்டும்.

விசா ஸ்டிக்கரின் கெடு முடியுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்டிக்கரிலும், பின்னால் வரும் அட்டையிலும் ‘எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லாப்ட்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பொருள்: சம்பாதிக்கும் வேலை அனுமதிக்கப்படுகிறது. கம்பெனிக்காரர்கள் முதலில் தேடுவது இந்த இரண்டு சொற்களைத்தான். அட்டை அச்சாகி வரச் சில வாரம் ஆகும். அதற்குள் விசா முடிந்துவிடும் போலிருந்தால் இடைக்காலச் சான்று ஒன்று தருவார்கள். கெடு முடிவதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தால், பழைய உரிமைகள் அந்தச் சான்றோடு தொடரும். ஒருநாள் தாமதமானாலும் சிக்கல்.

படிப்புக்கு அங்கீகாரம் தேவையா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பலர் ஆறு மாதத்தை வீணாக்குகிறார்கள். தேவையில்லாதவர் அங்கீகாரத்துக்காகக் காத்திருக்கிறார். தேவைப்படுகிறவர் அது இல்லாமலே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்.

சாஃப்ட்வேர், கணக்கு, மார்க்கெட்டிங், ஹெச்ஆர், லாஜிஸ்டிக்ஸ், மருத்துவம் சாராத ஆய்வகம் போன்ற துறைகளில் சட்டப்படி அங்கீகாரம் தேவையில்லை. கம்பெனிக்குத் திருப்தியானால் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ‘அனாபின்’ என்ற அரசுத் தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஹெச் பிளஸ் என்று இருந்தால் அங்கீகரிக்கப்பட்டது. இங்கே நம் ஆட்கள் ஒரு தவறு செய்வார்கள்: படித்த கல்லூரியின் பெயரைத் தேடுவார்கள். கோயம்புத்தூரில் ஓர் இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தாலும் பட்டம் கொடுத்தது அண்ணா பல்கலைக்கழகமோ பாரதியார் பல்கலைக்கழகமோதான். அந்தப் பெயரில் தேடுங்கள். கிடைத்த பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்புங்கள். செலவே இல்லை.

பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றாலோ, அரசுத் துறை, பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் விண்ணப்பிப்பதாக இருந்தாலோ, வெளிநாட்டுக் கல்விக்கான மத்திய அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்கலாம். கட்டணம் 208 யூரோ. கையில் வரச் சில மாதம் ஆகலாம் என்பதால், வேண்டும் என்று முடிவு செய்தால் முதல் மாதமே அனுப்பிவிடுங்கள்.

மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், அரசுப் பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோர் கதை வேறு. இவை கட்டுப்பாடுள்ள தொழில்கள். அங்கீகாரம் இல்லாமல் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது என்பது நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. முனிக்கில் இருப்பவர் போகும் இடத்துக்கு பெர்லினில் இருப்பவர் போக மாட்டார். ‘அங்கீகாரம் ஜெர்மனியில்’ என்ற பொருள் தரும் அரசு இணையதளத்தில் தொழிலையும் ஊரையும் கொடுத்தால் சரியான அலுவலகத்தைக் காட்டும். இலவச ஆலோசனைக்கு ‘ஐக்யூ’ வலையமைப்பு இருக்கிறது. காசு வாங்கும் ஏஜென்ட் யாரிடமும் போகத் தேவையில்லை.

நர்ஸ்களுக்கு நடைமுறை பெரும்பாலும் இப்படி இருக்கும். சான்றிதழ்களை அனுப்பியதும், நம் படிப்பில் எது குறைகிறது என்று ஒரு கடிதம் வரும். அந்தக் குறையை இரண்டு வழியில் தீர்க்கலாம்: மருத்துவமனையில் சில மாதம் தழுவல் பயிற்சி, அல்லது அறிவுத் தேர்வு. மொழி பி2 வேண்டும். இடைப்பட்ட காலத்தில் செவிலியர் உதவியாளராக வேலை பார்க்கலாம்; பல மருத்துவமனைகள் இப்படி எடுத்துக்கொண்டு, தேர்வு முடிந்ததும் முழுப் பதவி தருகின்றன. ஜெர்மனி முழுக்க ஆள் பற்றாக்குறை உள்ள துறை இது. காத்திருப்புதான் நீளம். மருத்துவர்களுக்கு மருத்துவ மொழித் தேர்வு சி1 தரத்தில் இருக்கும். அதோடு பெரும்பாலும் அறிவுத் தேர்வும் உண்டு.

பி.எட். முடித்தவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவது நல்லது. ஜெர்மன் பள்ளியில் ஆசிரியர் பொதுவாக இரண்டு பாடம் நடத்துகிறவர். மொழி மிக உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். நேரே அந்த இடத்துக்குப் போவது கடினம். சர்வதேசப் பள்ளி, மழலையர் காப்பகத்தில் உதவியாளர், பள்ளி முடிந்தபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மதியப் பராமரிப்பு இவற்றின் வழியாக உள்ளே போகிறவர்கள்தான் அதிகம்.

பொறியாளர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இன்ஜினியர்’ என்ற பட்டப்பெயரைப் போட்டுக்கொள்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதற்கு மாநிலப் பொறியாளர் மன்றத்தின் அனுமதி வேண்டும். பொறியியல் வேலை செய்வதற்கு அது வேண்டாம்.

மொழி எவ்வளவு போதும்

பெர்லின், முனிக் போன்ற இடங்களில் சாஃப்ட்வேர் வேலைக்கு ஆங்கிலம் மட்டும் வைத்து ஓட்டலாம். அங்கேயும் ஜெர்மன் தெரியாதவர்கள் எல்லாரும் அதே சில விளம்பரங்களுக்குத்தான் போட்டியிடுகிறார்கள். கணக்கு, ஹெச்ஆர், வாடிக்கையாளர் சேவை, மருத்துவம், கல்வி என்றால் பி2 இல்லாமல் பேச்சே இல்லை. கிடங்கு, சமையலறை, துப்புரவு வேலைகளுக்கு ஏ2 போதும்.

குடும்ப இணைவில் வந்தவருக்கு ஒருங்கிணைப்புப் படிப்பில் சேரும் உரிமை உண்டு. மொத்தம் 700 பாட வேளை: 600 மொழிக்கு, 100 நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு. ஒரு பாட வேளை 45 நிமிடம். செலவில் பாதியை அரசு ஏற்கிறது. இந்த உரிமை வதிவிட அனுமதி கிடைத்து ஓராண்டில் காலாவதியாகிவிடும். ‘குழந்தை கொஞ்சம் வளரட்டும், பிறகு சேரலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும் அன்றே உரிமைச் சான்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியில் இரண்டு தேர்வு. மொழித் தேர்வில் மதிப்பெண்ணைப் பொறுத்து ஏ2 அல்லது பி1 கிடைக்கும்.  நாடு பற்றிய தேர்வில் 33 கேள்வி, ஒரு மணி நேரம். 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. 17 எடுத்தால் பிற்காலத்தில் குடியுரிமைக்கும் அதுவே செல்லும், அதனால் 17க்குக் குறி வையுங்கள்.

பி1 முடிந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். வேலைக்கான மொழி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பி2 நிலைக்குத் தொழில்மொழிப் படிப்பு என்று அரசு நிதியில் தனியாக நடக்கிறது. அதற்கான அனுமதிச் சீட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கிடைக்கும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு

‘நாம்தான் இங்கே வேலையே பார்த்ததில்லையே, உதவித்தொகை கிடைக்காதே, எதற்கு அங்கே போக வேண்டும்?’ என்று நினைத்து இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். உதவித்தொகை வேறு, பதிவு வேறு. பணம் எதுவும் கேட்காமல், வேலை தேடுபவர் என்று மட்டும் பதிவு செய்துகொள்ளலாம். அங்கே ஓர் ஆலோசகர் கிடைப்பார். சுயவிவரம் சரிசெய்ய, நேர்காணலுக்குத் தயாராக, தனிப்பட்ட பயிற்சியாளருக்கான கூப்பன் கொடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தொழிற்பயிற்சிக்கான முழுச் செலவையும் ஏற்கும் கல்விக் கூப்பனும் உண்டு. இரண்டும் அவருடைய விருப்பத்தைப் பொறுத்தவை, கேட்காமல் கிடைக்காது. எந்தப் பயிற்சி, எந்த நிறுவனம், முடித்தால் இந்த ஊரில் எத்தனை வேலை விளம்பரம் இருக்கிறது என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி போகும்.

விண்ணப்பம் போடுவது

ஜெர்மன் சுயவிவரம் அட்டவணை வடிவில் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு பக்கம், புதியது மேலே. ஒவ்வொரு வரியிலும் மாதமும் வருடமும் வேண்டும். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், ‘மேற்கண்ட விவரங்கள் உண்மை என்று உறுதியளிக்கிறேன்’ எதுவும் வேண்டாம். போட்டோ கட்டாயமில்லை, வைப்பதானால் ஸ்டூடியோவில் எடுத்தது. கல்யாணத்துக்கும் விசாவுக்கும் போன மாதங்களை வெற்றிடமாக விடாதீர்கள். ‘ஜெர்மனிக்குக் குடிபெயர்வு, ஜெர்மன் மொழிப் படிப்பு’ என்று தேதியோடு ஒரு வரி எழுதினால் கேள்வி எழாது.

முக்கியமான ஒன்று தலைப்பகுதியில், முகவரிக்குக் கீழே இருக்க வேண்டும்: ‘ஆர்பைட்ஸெர்லாப்னிஸ்: உன்பெஷ்ரெங்க்ட்’, அதாவது வேலை அனுமதி, வரையறையற்றது. இந்தியப் பெயரைப் பார்த்ததும் ‘விசா ஸ்பான்சர் செய்ய வேண்டியிருக்குமோ, மூன்று மாதம் இழுக்குமோ’ என்று பயந்து ஓரமாக வைத்துவிடும் கம்பெனிகள் உண்டு, அதிலும் சிறிய கம்பெனிகள். அந்த ஒரு வரி அந்தப் பயத்தைப் போக்கிவிடும்.

மொழித் திறனை ‘நன்றாகத் தெரியும்’ என்று எழுதாமல் ஏ2, பி1 என்று எழுதுங்கள். தமிழைத் தாய்மொழி என்று முதலில் போடுங்கள்.

சுயவிவரம், ஒரு பக்க விண்ணப்பக் கடிதம், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பில் இருக்கட்டும், 5 எம்பிக்கு மிகாமல். விளம்பரம் ஜெர்மனில் இருந்தால் விண்ணப்பமும் ஜெர்மனில். மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்ததைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டு, நேர்காணலில் வாயைத் திறக்க முடியாமல் போனால் அங்கேயே முடிந்தது.

எங்கே தேடுவது: வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சொந்தத் தளம், ஸ்டெப்ஸ்டோன், இண்டீட், லிங்க்ட்இன், ஜிங். விளம்பரத் தலைப்பில் எம்/டபிள்யூ/டி என்று இருப்பது ஆண், பெண், மற்ற பாலினத்தவர் யாரும் விண்ணப்பிக்கலாம் என்பதற்கு. ‘வெர்க்ஸ்டூடென்ட்’ என்று இருந்தால் தாண்டிப் போங்கள். அது கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும். ‘குவெர்ஐன்ஷ்டைகர்’ என்று இருந்தால் நின்று படியுங்கள்; வேறு துறையிலிருந்து வருகிறவர்களையும் எடுக்கத் தயார் என்று அர்த்தம்.

சம்பள எதிர்பார்ப்பு கேட்டால் ஆண்டுக்கு, பிடித்தத்துக்கு முன் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் சொன்னால் புதியவர் என்று தெரிந்துவிடும்.

மினிஜாப், வரி வகுப்பு, காப்பீடு

2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. மினிஜாப் என்ற சிறு வேலையின் மாத வரம்பு 603 யூரோ. கணக்குப் போட்டால் வாரத்துக்குப் பத்து மணி நேரம். மொழிப் படிப்போடு சேர்த்துச் செய்ய வசதி, நாலு பேரோடு ஜெர்மன் பேச வாய்ப்பு, இந்த நாட்டில் வேலை பார்த்ததற்கு ஓர் ஆதாரம். ஆனால் அதில் வேலையின்மைக் காப்பீடு கிடையாது, சொந்த மருத்துவக் காப்பீடும் கிடையாது. ஆறு மாதத்துக்கு நல்லது. மூன்று வருடத்துக்கு நல்லதல்ல.

துணைவர் பொதுக் காப்பீட்டில் இருந்தால், வருமானம் இல்லாத நீங்கள் குடும்பக் காப்பீட்டில் கூடுதல் கட்டணமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். 2026இல் வருமான வரம்பு மாதம் 565 யூரோ. மினிஜாப் என்றால் 603 வரை. அதற்கு மேல் சம்பளம் வந்தால் சொந்தக் காப்பீடு தானாகத் தொடங்கிவிடும். துணைவர் தனியார் காப்பீட்டில் இருந்தால் குடும்பக் காப்பீடு கிடையாது. உங்களுக்குத் தனிக் கட்டணம். முழுநேர வேலைக்கு ஓய்வூதியம், மருத்துவம், பராமரிப்பு, வேலையின்மை எல்லாம் சேர்த்து உங்கள் பங்காகச் சம்பளத்தில் சுமார் 21 சதவீதம் போகும். வரி அதற்கு மேல்.

மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது வரி வகுப்பு. கல்யாணமானவர்களை வரி அலுவலகம் இருவரையும் நான்காம் வகுப்பில் போடும். ஒருவர் அதிகம் சம்பாதித்தால், அவரை மூன்றிலும் மற்றவரை ஐந்திலும் மாற்றிக்கொள்ளச் சொல்லி அலுவலக நண்பர்கள் யோசனை தருவார்கள். மாதாமாதம் வீட்டுக்கு வரும் பணம் கூடுவது உண்மை. ஆனால் வருட முடிவில் இருவர் வரியும் ஒன்றாகக் கணக்கிடப்படுவதால் மொத்தம் ஒன்றுதான். வரித் தாக்கலும் கட்டாயமாகிவிடும். ஐந்தாம் வகுப்பில் இருப்பவர் கையில் சம்பளம் ஒட்டாது. அதைவிட, மகப்பேறுக்குப் பின் வரும் பெற்றோர் உதவித்தொகையும் வேலையின்மை உதவித்தொகையும் கைக்கு வந்த நிகரச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. குழந்தை பற்றி யோசிக்கிறவர்கள் ஐந்தாம் வகுப்பை ஒப்புக்கொள்ளுமுன் இதை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.

குழந்தை இருந்தால்

ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்டப்படி உரிமை, 2013 ஆகஸ்ட் முதல். உரிமை இருக்கிறது, இடம்தான் இல்லை. முகவரி பதிந்த வாரமே நகராட்சித் தளத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு காப்பகங்களுக்கு நேரிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். இடம் கிடைத்த மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பழக்கப்படுத்தும் காலம் என்று ஒன்று உண்டு: முதல் நாள் குழந்தையோடு நீங்களும் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், பிறகு பத்து நிமிடம் வெளியே, பிறகு அரை மணி. குழந்தையைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், ஆறு வாரமும் ஆகும். வேலையில் சேரும் தேதியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற வாய்ப்புள்ள இடங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் ‘வீட்டிலிருந்தே வேலை’ பற்றித் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் இன்னொரு வகை இருக்கிறது. செயலிகளைச் சோதிக்கும் வேலை என்று எடுத்துக்கொண்டு, ‘சோதனைக்காக’ ஒரு வங்கியின் வீடியோ அடையாளச் சரிபார்ப்பைச் செய்து காட்டச் சொல்வார்கள். நீங்கள் பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டியதும் உங்கள் பெயரில் நிஜமாகவே ஒரு கணக்கு திறந்துவிடும். மோசடிப் பணம் அதன் வழியாகப் போகும். போலீஸ் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். உண்மையான கம்பெனி எதுவும் இப்படிக் கேட்காது.

இந்தியக் கம்பெனி வேலையை அப்படியே ஜெர்மனியிலிருந்து தொடர்வதும் சுலபமானதல்ல. வேலை நடப்பது ஜெர்மனியில் என்றால் வரியும் சமூகக் காப்பீடும் ஜெர்மனியில் வரும். அந்தக் கம்பெனி இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கும். வரி ஆலோசகரிடம் கேட்காமல் தொடர வேண்டாம்.

வீட்டில் சமைத்து விற்பது நம்மவர்களிடம் பரவலான யோசனை. இட்லி மாவாக இருந்தாலும் தொழில் பதிவு வேண்டும், சுகாதார அலுவலகத்தில் உணவு கையாள்வோருக்கான அறிவுறுத்தல் வகுப்பில் உட்கார்ந்து சான்று வாங்க வேண்டும், சமையலறை விதிகளுக்குப் பொருந்த வேண்டும். முதலில் நகராட்சியில் கேளுங்கள், பிறகு கிரைண்டர் வாங்குங்கள்.

ஒப்பந்தம் வந்தபின்

தகுதிகாண் காலம் பெரும்பாலும் ஆறு மாதம். அதுவரை இரண்டு பக்கமும் இரண்டு வார நோட்டீஸில் விலகலாம். வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு சட்டப்படி குறைந்தபட்சம். பல கம்பெனிகள் 28, 30 தருகின்றன, எனவே 20 என்று எழுதியிருந்தால் பேசிப் பார்க்கலாம். சேரும் நாளில் கேட்பவை: வரி எண், காப்பீட்டுக் கம்பெனி பெயர், வங்கி எண், வதிவிட அட்டையின் நகல். காப்பகம், பள்ளி என்றால் காவல் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அதை முகவரி பதிந்த அலுவலகத்திலேயே வாங்கலாம்.

உங்கள் வதிவிட உரிமை துணைவரைச் சார்ந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தபின் பிரிய நேர்ந்தால், தனி வதிவிட உரிமை கிடைக்கும். வன்முறை போன்ற கடுமையான நிலைகளில் அதற்கு முன்பே கேட்கலாம். பட்டமும் பொருத்தமான வேலையும் இருந்தால் திறனாளர் அனுமதிக்கு உங்கள் பெயரிலேயே மாறிக்கொள்ளவும் முடியும். அடிவாங்கிக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 116 016, இரவு பகல் எந்நேரமும் இலவசம், பல மொழிகளில் பேசுவார்கள்.

ஒப்பந்தத்தில் முடிவு தேதி போட்டிருந்தால், அதற்கு மூன்று மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவர் என்று பதிய வேண்டும். ‘நீட்டித்துத் தருவார்கள்’ என்று மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தாலும் பதியுங்கள். தாமதித்தால் உதவித்தொகையில் ஒரு வாரம் போய்விடும். 30 மாதத்துக்குள் 12 மாதம் காப்பீட்டோடு வேலை பார்த்திருந்தால் அந்த உதவித்தொகைக்கு நீங்களும் உரியவர்தான்.